ஒனுஃப்ரி ஸாவிச்சின் முப்பத்தேழு

அந்த வருஷம் எங்கள் ஊரில் எல்லாமே முப்பத்தேழாக இருந்தது. பசு முப்பத்தேழு, முட்டைக்கோஸ் முப்பத்தேழு, பாதிரியாரின் தாடி முப்பத்தேழு. கூட்டுப்பண்ணை அலுவலகச் சுவரில் தொங்கிய கட்சித் தலைவரின் படமும் முப்பத்தேழுதான். அதை அப்படியே எழுதி வைக்க யாருக்குத் தைரியம் வரும்? அந்த ஒரு வரியில் மட்டும் 'அளவுக்கு உட்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார் ஒனுஃப்ரி ஸாவிச்.

அவர்தான் எங்கள் பண்ணையின் குடிமைப் பாதுகாப்புப் பொறுப்பாளர். போர்க்காலத்தில் விமானம் பழுது பார்த்தவர். செர்னோபில் உலை வெடிக்கும்வரை அவருடைய வேலை வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிக்கூடத்துக்குப் போய் நச்சுவாயு முகமூடியை மாட்டிக் காட்டுவதுதான். வெடித்த பிறகு மாவட்டத்திலிருந்து அவருக்கு ஒரு கதிர்வீச்சுமானி கொடுத்தார்கள். பச்சைப் பெட்டி, அதன் முகப்பில் எண் காட்டும் ஊசி, பெட்டியிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் ஒரு குழாய். பெட்டியைக் கழுத்தில் மாட்டி, காதில் ஹெட்போன் வைத்து, குழாயை இடது கையில் ராணுவத்தில் சொல்லிக்கொடுத்த பிடியில் பிடித்து, வலது கையில் பென்சிலோடு அவர் தெருவில் இறங்கினால் கோழிகூட ஓரமாகப் போகும். ஹெட்போன் இருந்ததால் யார் திட்டினாலும் அவருக்குக் கேட்காது.

முப்பத்தேழு என்றால் முப்பத்தேழு என்ன, கிலோவா லிட்டரா என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபத்தைந்துக்கு மேல் போனால் ஆபத்து என்று அவர் சொன்னார், நம்பினோம். பசுவுக்கும் படத்துக்கும் எப்படி ஒரே எண் வருகிறது என்ற சந்தேகமும் யாருக்கும் எழவில்லை. எங்கள் நாட்டில் சோப்பு, சம்பளம், காலணி எல்லாமே எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கிடைக்கும். கதிர்வீச்சையும் திட்டம் போட்டுச் சமமாகப் பங்கிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் ஊர் என்று இப்போது வாய் நிறையச் சொல்கிறேன். உண்மையில் நான் பிரிபியாத்காரி, உலையிலிருந்து மூன்று கிலோமீட்டர். என் பெயர் ஸீனா. வெடித்த அன்று எனக்கு மூன்று மாதம். என் புருஷன் ஃபெதிர் பஸ் ஓட்டுகிறவன். எங்களை ஏற்றிக்கொண்டு போன பஸ்களில் ஒன்றை அவனே ஓட்டினான். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். மூன்று நாளைக்கு எது முக்கியம் என்று யோசித்து, கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு எப்போதும் அவசரத்தில் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

கியேவில் என்னைப் பரிசோதித்த டாக்டர் அம்மாள் கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உனக்குச் சின்ன வயசும்மா. இத விட்டுடு. அடுத்தது பெத்துக்கலாம்."

"இதுக்கு என்ன டாக்டர்?"

"என்னன்னு தெரியாது. அதுனாலதான் சொல்றேன். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு."

ஒரு பூட்ஸ் வாங்கக்கூட எங்கள் ஊரில் 'அடுத்தது வரும்' என்று இவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். காலை ஏழரைக்கு, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, ஆஸ்பத்திரிச் செருப்போடு வெளியே வந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். நூற்றிருபது கிலோமீட்டர் தெற்கே ஃபெதிரின் அக்கா பாராஸ்கா இருந்தாள். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"ஏன்டி, ரெண்டும் இடது காலு செருப்பு."

"ஆஸ்பத்திரில அதுதான் இருந்துச்சு அண்ணி."

"உள்ள வா. புள்ள இருக்கா, இல்ல எடுத்துட்டாங்களா?"

"இருக்கு."

"அப்ப எனக்கும் சேத்து உக்காந்து சாப்பிடு," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அழுகை வந்தது.

வாரக் கடைசியில் ஃபெதிரும் வந்து சேர்ந்தான். வரும்போதே கையில் சிவப்பு ஒயின். சிவப்பு ஒயின் உடம்பிலிருக்கும் கதிர்வீச்சைக் கழுவிவிடும் என்று பஸ் டிப்போவில் எல்லோரும் சொன்னார்களாம். பிள்ளைத்தாய்ச்சி குடிக்கக் கூடாதே என்று கேட்டேன். அதையும் அவன் யோசித்து வைத்திருந்தான்.

"நீ குடிக்க வேணாம் ஸீனா. உனக்குப் பதிலா நான் குடிக்கறேன்."

"உனக்கு?"

"அது தனி."

"புள்ளைக்கு?"

"அதுவும் நான்தான் பாத்துக்கணும், தகப்பனாச்சே," என்று மூன்றாவது கிளாஸை ஊற்றினான். அந்தக் கோடை முழுக்க மூன்று பேருக்கான வைத்தியத்தை ஒற்றை ஆளாகத் தாங்கினான் என் புருஷன். பண்ணையில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்து, அந்த பஸ்ஸை அவன் வேலிக்குள் விட்ட பிறகுதான் பாராஸ்கா அண்ணி பாட்டில்களைப் பூட்டி வைத்தாள்.

அண்ணியின் வைத்தியம் வேறு. வாசலில் ஈரச்சாக்கு, அதில் காலைத் துடைக்காமல் உள்ளே வந்தால் அடி விழும். எனக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை தலைக்குக் குளியல். முடி உதிர ஆரம்பித்தபோது கதிர்வீச்சால்தான் என்று மூன்று பேரும் உட்கார்ந்து அழுதோம். குளியலை நிறுத்தினோம், உதிர்வதும் நின்றுவிட்டது.

ஒனுஃப்ரி ஸாவிச் என்னை அளக்க வந்தது நான் வந்த இரண்டாம் வாரம். என் வயிற்றுக்கு நேரே குழாயை நீட்டி, ஊசியைப் பார்த்து, ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினார்.

"முப்பத்தேழு," என்றார் மெதுவாக.

"எனக்கா, புள்ளைக்கா தோழரே?"

"மொத்தமா."

பிறகு வீட்டைத் தலைகீழாக அளந்தார். அண்ணியின் பசு ஸீர்கா முப்பத்தேழு. இனி பாலை ஓடையில் ஊற்ற வேண்டும். நிலவறையில் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகள் ஒவ்வொன்றும் முப்பத்தேழு. அந்த இருட்டில் என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். இடது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் கடிகாரத்தின் எண்கள் பச்சையாக, அழகாக மின்னின.

"பாத்தியா? விமானியோட கடிகாரம். போர் முடிஞ்ச அன்னிக்கு எங்க தளபதி குடுத்தது. நாப்பத்தொரு வருஷமாக் கையவிட்டுக் கழட்டல. குளிக்கறப்பகூட."

"அழகா இருக்கு தோழரே."

"இருட்டுல எப்பவும் மணி தெரியும்," என்றார் பெருமையாக. அதற்குமேல் ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

மனிதர் ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முதல் வேலையாகத் தன் மனைவி மோத்ரியாவை அளந்தார். முப்பத்தேழு. அவளைத் தோட்டத்தில் இருந்த கோடைச் சமையலறையில் தனியாகப் படுக்க வைத்தார். தன்னையே அளந்துகொண்டார். முப்பத்தேழு. தன்னுடைய அக்கார்டியனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு, புது பூட்ஸைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, சாகிறவரை கடமையைச் செய்வது என்று பழைய பூட்ஸில் நடந்துகொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தால் ஏன் இப்படி உதைக்கிறது என்று பயம். உதைக்காவிட்டால் அதைவிடப் பயம். கிணற்றடியில் பெண்கள் பேசுவதை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்ப்பார்கள். அளவு மீறிய பிள்ளைகளைக் கியேவில் எங்கோ ஓரிடத்தில் வைத்துக்கொள்கிறார்கள், தாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். யார் சொன்னது என்று கேட்டால் ரயிலில் யாரோ சொன்னார்களாம். பொய்யாக இருக்கலாம். ஆனால் பிள்ளை பிறந்ததும் அளந்து மாவட்டத்துக்கு எழுத வேண்டும் என்று ஒனுஃப்ரி ஸாவிச்சின் நோட்டில் என் பெயருக்குக் கீழே ஒரு காலி வரி இருந்தது. அது பொய் இல்லை. அந்த வரியை நான் கண்ணால் பார்த்தேன்.

நவம்பர் முதல் வாரம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். மூன்று கிலோ நானூறு. எங்கள் பிரசவ ஆஸ்பத்திரிகளில் தகப்பன்மார்களை உள்ளே விட மாட்டார்கள். கீழே சேற்றில் நின்று மேலே பார்த்துக் கத்த வேண்டியதுதான். ஃபெதிர் கத்தினான்.

"ஸீனா! விரல் எத்தன?"

மூன்றாம் மாடி ஜன்னலில் நான் பிள்ளையின் கையைப் பிரித்துக் காட்டினேன். அவ்வளவு தூரத்துக்கு என்ன தெரியும்?

"பத்தா?"

"இருபது!"

கீழே அவன் முகம் வெளுத்துப்போனதை மூன்று மாடி உயரத்திலிருந்தும் பார்த்தேன்.

"கையில இருபதா?"

"காலையும் சேத்துடா மடையா!"

பக்கத்தில் நின்ற இன்னொரு தகப்பன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். என் பின்னால் கட்டிலில் படுத்திருந்த பெண்கள் எல்லோரும் சத்தம் போடாமல் தங்கள் பிள்ளைகளின் துணியைப் பிரித்து எண்ண ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஒனுஃப்ரி ஸாவிச் பெட்டியோடு வாசலில் நின்றார். அண்ணி கதவின் குறுக்கே இரண்டு கையையும் நீட்டினாள்.

"நாப்பது நாள் ஆகாம வெளியாள் யாரும் புள்ளையப் பாக்கக் கூடாது தோழரே."

"கதிர்வீச்சு நாப்பது நாள் காத்துட்டு நிக்காது பாராஸ்கா."

"அப்ப அதையும் உங்ககூடவே வெளிய நிக்கச் சொல்லுங்க."

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதற்குமேல் அண்ணி சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. ஈரச்சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, தொட்டிலுக்கு மேல் குழாயை நீட்டினார். இறுக்கிச் சுற்றிய துணிக்குள் என் பையன் கொட்டாவி விட்டான். நான் ஊசியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் தொங்கியது.

"முப்பத்தேழா?" என்றேன்.

அவர் நோட்டைத் திறந்தார். பென்சில் முனையை நாக்கில் தொட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு முன்னால் ஓடி வந்த மாதிரி, மறுபடி ஏதாவது பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கேயும் ஒரு ஒனுஃப்ரி ஸாவிச் இருப்பாரே.

அப்போது அண்ணி செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மேஜையிலிருந்த முழு ரொட்டியை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்லிக் கேட்கும்போது ரொட்டி கொடுப்பது வழக்கம். கேட்டால் மறுக்கக் கூடாது, மறுத்தால் பாவம். ரொட்டியை வாங்கிக்கொண்டால் சம்மதம், அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் சம்மந்தி. கட்சிக்காரரானாலும் அந்த வழக்கத்தை மீற இந்த நாட்டில் ஆள் இல்லை.

அவர் இரண்டு கையிலும் சாமான். ஒன்றில் குழாய், இன்னொன்றில் பென்சில். அதனால் அண்ணி ரொட்டியை அவர் வாயில் திணித்தாள். ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"ஒனுஃப்ரி ஸாவிச், எங்க புள்ளைக்கு நீங்கதான் ஞானத்தகப்பன்."

அவர் ஏதோ சொல்ல வாயை அசைத்தார். அசைத்ததில் ரொட்டியின் ஓரம் கடிபட்டது.

"கடிச்சுட்டாரு," என்றாள் அண்ணி. "ஃபெதிர், நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா," என்றான் ஃபெதிர். அவன் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டிய அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒனுஃப்ரி ஸாவிச் ரொட்டியை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் முப்பத்தோரு வருஷமாக் கட்சில இருக்கேன்," என்றார்.

"இருங்க. யாரு வேணாம்னா?"

"அதுக்காக இல்ல பாராஸ்கா. இந்த ஊர்ல நூத்துக்கணக்குல புள்ள பொறந்துருக்கு. கட்சிக்காரன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்னக் கேட்டதில்ல." அவருக்கும் மோத்ரியாவுக்கும் பிள்ளை இல்லை. மூக்கை உறிஞ்சினார். "ஆனா கடமைன்னு ஒண்ணு இருக்கே."

"சம்மந்தி வீட்டுப் புள்ளைய எழுதிக் குடுக்கற கடம எந்த ஊர்ல இருக்கு?"

அவர் நோட்டை மூடினார். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் முடியட்டும், திங்கட்கிழமை யோசித்து முடிவு சொல்கிறேன் என்றார். எனக்கு நாலு நாள் கிடைத்தது.

கோயிலுக்குப் போனால் கட்சிக்காரர் ஞானத்தகப்பன் ஆனது ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்பது நாள் முடியாத தாய் ஞானஸ்நானத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதால் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெந்நீர் நிறைத்த தொட்டியை நடுவில் வைத்தார்கள். தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையை வெள்ளைத் துணியில் ஏந்திக்கொள்ள வேண்டியது ஞானத்தகப்பன். கதிர்வீச்சுமானியைக் கழற்றி ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஒனுஃப்ரி ஸாவிச் கையை நீட்டினார்.

"கடிகாரத்தக் கழட்டுங்க," என்றாள் அண்ணி.

"இது நாப்பத்தொரு வருஷமா..."

"தெரியும். எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. வார்க்கொக்கி புள்ளையக் கீறும், கழட்டுங்க."

அவர் கழற்றினார். மணிக்கட்டில் மாவு பூசின மாதிரி வெளுத்த ஒரு பட்டை தெரிந்தது. அண்ணி அதை வாங்கிக் கதவு இடுக்கு வழியாக என்னிடம் நீட்டினாள். நான் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

பிள்ளைக்கு லுக்யான் என்று பெயர் வைத்தார்கள். மூன்று முறை முக்கினார் பாதிரியார், மூன்று முறையும் ஊரே கூடுகிற மாதிரிக் கத்தினான். ஒனுஃப்ரி ஸாவிச் அவனைத் துணியில் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல், வெடிகுண்டு பிடித்தவர் மாதிரி நின்றார். சடங்கு முடிந்தது. பிள்ளையை அண்ணியிடம் கொடுத்தார். கொடுத்தவருடைய கண் நாற்காலிப் பக்கம் போனது.

"இன்னொரு தடவ பாத்துடறேன்," என்றார். "இப்பச் சொந்தப் புள்ள. சரியா அளக்கணும்."

மாட்டினார், நீட்டினார். ஊசி அசையவில்லை. பெட்டியைத் தட்டினார். அசையவில்லை. அண்ணியை அளந்தார், ஒன்றுமில்லை. ஃபெதிரை அளந்தார், ஒன்றுமில்லை. பாதிரியாரின் தாடியில் குழாயைக் கிட்டத்தட்ட நுழைத்தே பார்த்தார்.

"சாமி," என்றார், "உங்களுக்கு முப்பத்தேழு இல்ல."

பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெல்லத் தொட்டியிலிருந்த தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"தண்ணிதான்," என்றாள் அண்ணி.

"ஒயினு," என்றான் ஃபெதிர். "ஆறு மாசமா நான் கஷ்டப்பட்டது வீண் போகல."

"வாய மூடுடா. ஒரு ஜாடி கொண்டா, ஸீர்காமேல தெளிக்கணும்."

ஒனுஃப்ரி ஸாவிச் அப்படியே நின்றார். முப்பத்தோரு வருஷக் கட்சிப் பாடம் அத்தனையும் அவர் முகத்தில் கலைந்துகொண்டிருந்தது. கட்சிக்காரர் சிலுவை போடலாமா கூடாதா என்று வலது கை நெற்றிவரை போய்ப் போய்த் திரும்பியது. நான் கதவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றேன். தண்ணீரோ ஒயினோ, என் பிள்ளை என்னிடமே இருப்பான். எனக்கு அது போதும்.

அப்போதுதான் அவர், "ஸீனாவ மட்டும் பாக்கலையே," என்று சமையலறைக்குள் நுழைந்து, என் இடுப்புக்கு நேரே குழாயை நீட்டினார்.

ஊசி துள்ளிப்போய் மறுகோடியில் அடித்து நின்றது.

ஹெட்போனுக்குள் பட்டாணி வறுக்கிற மாதிரிக் கேட்ட சத்தம் எனக்கே கேட்டது. ஒனுஃப்ரி ஸாவிச் இரண்டு அடி பின்னால் போனார். அண்ணி, என்னைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்ட அண்ணி, லுக்யானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போனாள்.

"அவதான்," என்றார் ஒனுஃப்ரி ஸாவிச் மெதுவாக. "புள்ள சுத்தம். அவதான் உலைக்குப் பக்கத்துல இருந்தவ. புள்ள அவகிட்டப் பால் குடிக்கக் கூடாது."

"இவளுக்கு ஞானஸ்நானம் ஆயிருக்கா?" என்று கேட்டார் பாதிரியார், தொட்டியில் நான் கொள்ளுவேனா என்று அளவு பார்த்துக்கொண்டே.

நான் அண்ணியைப் பார்த்தேன். பிள்ளையைக் கொடு என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் எனக்கு வலித்தது அந்த ஒரு நிமிஷம்தான். பிரசவம் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கண்ணைத் துடைக்கலாம் என்று ஏப்ரன் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தேன். கூடவே கடிகாரமும் வந்து, தரையில் விழுந்து, உருண்டு, ஒனுஃப்ரி ஸாவிச்சின் பழைய பூட்ஸ் பக்கத்தில் போய் நின்றது.

ஊசி இறங்கியது.

அவர் என்னைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். குழாயை மறுபடி என் பக்கம் நீட்டினார், ஒன்றுமில்லை. மெல்லக் குனிந்து தரைக்கு நேரே நீட்டினார். பட்டாணி வறுபட ஆரம்பித்தது.

"அந்தப் பச்ச வண்ணம்," என்றார் கடைசியில். "எண்ணு மின்னறதுக்காகப் பூசற ரேடியம். அதுவே கதிர்வீசும். எங்களுக்குப் பாடத்துலயே வந்துது. நான் மறந்துட்டேன்."

இடது கையில் குழாய், அதே கையில் கடிகாரம், எப்போதும் அதே ராணுவப் பிடி. ஆறு மாதமாக அவர் ஊர் முழுக்க அளந்தது தன் மணிக்கட்டைத்தான்.

"அப்ப என் பசு?" என்றாள் அண்ணி.

அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"ஆறு மாசப் பால ஓடையில ஊத்தினேன். ஊறுகாய் அம்பது ஜாடி குழி தோண்டிப் பொதச்சேன். நீங்கதான் கிட்ட நின்னு மண்ணு தள்ளினீங்க."

"தள்ளினேன்."

அண்ணி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய் ஈரச்சாக்கை எடுத்து வந்து, சம்மந்தி என்றும் பாராமல் அவர் முதுகில் இரண்டு வைத்தாள். அவர் அடியை வாங்கிக்கொண்டு நின்றார். மூன்றாவது அடிக்குத்தான் அவருக்கு வேறு ஞாபகம் வந்தது.

"மோத்ரியா," என்றார். "ஆறு மாசமா அவளத் தனியாப் படுக்க வச்சேன். நவம்பர் குளிர்ல." தொப்பியை எடுக்காமலே ஓடினார். பெட்டி கழுத்தில் ஆட, ஒயர் பின்னால் இழுபட, அறுபத்து நாலு வயது மனிதர் முட்டைக்கோஸ் பாத்திகளைத் தாண்டிப் போனதைப் பாதிரியார் உட்பட எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

"அப்ப தண்ணி?" என்று கேட்டார் பாதிரியார், கொஞ்சம் வருத்தமாக.

"நல்ல தண்ணி சாமி," என்றாள் அண்ணி. "இருந்தாலும் ஸீர்காமேல ஒரு கை தெளிச்சுட்டுப் போங்க."

ஊசி சும்மா இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, அதுவும் எனக்குத் தெரியும். அதன் பிறகு எத்தனையோ வருஷம் லுக்யானுக்கு ரத்தம் எடுத்தார்கள், கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நான் பாதி செத்தேன். எங்கள் பஸ்ஸில் வந்தவர்களில் எல்லோருக்கும் என் மாதிரி அமையவில்லை. அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் போவதில்லை.

திங்கட்கிழமை காலை ஒனுஃப்ரி ஸாவிச் வந்தார். கையில் கடிகாரம் இல்லை. ஊறுகாய் புதைத்த குழிக்குள்ளேயே அதையும் போட்டு மூடிவிட்டாராம். பின்னாலேயே மோத்ரியா வந்தாள், ஒரு ஜாடிப் பாலோடு. அவரோடு இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவர் மேஜையில் நோட்டை விரித்தார். பக்கம் பக்கமாக முப்பத்தேழுகளை அடித்திருந்தார். என் பெயருக்குக் கீழே அந்தக் காலி வரி மட்டும் அப்படியே இருந்தது.

"இங்க ஒரு எண்ணு வேணும்," என்றார். "காலியா விட்டா மாவட்டத்துல இருந்து ஆள் அனுப்புவான். பூஜ்யம்னு போட்டா நம்ப மாட்டான்."

"இருபதுன்னு போடுங்க சம்மந்தி," என்றேன்.

"இருபது என்ன?"

"முப்பத்தேழு என்னன்னு நான் கேட்டேனா?"

நான் தொட்டிலில் இருந்தவனின் துணியைப் பிரித்தேன். அவருக்குப் புரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, பென்சில் முனையால் தொடாமல் தொட்டு, இடது கை, வலது கை, இடது கால், வலது கால் என்று ஒழுங்காக எண்ணினார். சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினார்.

"இருபது," என்றார். "இருபத்தஞ்சுக்குள்ளதான் இருக்கு."

நோட்டைத் தொட்டில் விளிம்பிலேயே வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின் மேல் என் மகன் மூத்திரம் பெய்தான். மாவட்டத்துக்கு வேறு தாளில் எழுதி அனுப்பினார். இந்தத் தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு வாங்கிய புதுக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன், இன்னும் ஒரு ஓரம் மஞ்சளாகத்தான் இருக்கிறது.